கல்முனைக் கடைத்தெருவில் நான்கு சதுரங்கள்

சென்ற தடவை கல்முனைக்குப் போயிருந்தபோது பிரதான வீதியில் எனக்குப் பழக்கமான ஒரு புடைவைக் கடையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். காசு மேசையின் கண்ணாடிக்குக் கீழே முன்பெல்லாம் மக்கா நகரின் படமும் ஏதாவதொரு வங்கியின் நாட்காட்டியும் இருக்கும். இப்போது அவற்றோடு நான்கு கறுப்பு வெள்ளைச் சதுரங்களும் சேர்ந்திருக்கின்றன. ஒன்று வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்ப; மற்றொன்று கடையின் முகநூல் பக்கத்துக்கு; மூன்றாவது வாட்ஸ்அப் இலக்கத்துக்கு. நான்காவது எதற்கென்று கேட்டேன். "அது மருமகன் ஒட்டினது தம்பி. எதுக்கெண்டு அவனுக்குத்தான் தெரியும்" என்றார் முதலாளி.

எழுபதைத் தாண்டிய அந்த மனிதர் தம் கடையில் உள்ள ஒவ்வொரு துணியின் நூலையும் சாயத்தையும் விரலால் தொட்டே சொல்லக்கூடியவர். அவருடைய மேசையிலேயே அவருக்கு வாசிக்கத் தெரியாத ஒரு குறி கிடக்கிறது என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது. இந்தச் சதுரம் எங்கிருந்து வந்தது, நம் கடைத்தெருவுக்குள் எப்போது புகுந்தது என்று தேடிப் பார்க்கத் தோன்றியதும் அதனால்தான்.

வாணிபத்தில் குறி என்பது நமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கிய பண்டங்களுக்கும் அங்கிருந்து ஏற்றுமதியான பண்டங்களுக்கும் சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை சொல்கிறது. சுங்கம் செலுத்தப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அவ்வளவு தூரம் போவானேன்? சலவைத் தொழிலாளர் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இட்ட குறியைப் பார்த்தே, ஊர்த் துணி முழுவதும் ஒரே மூட்டையில் கிடந்தாலும், எது எந்த வீட்டுத் துணியென்று பிரித்தெடுத்தார்கள். அம்பாறை மாவட்டத்து மேய்ச்சல் தரைகளில் ஆயிரக்கணக்கில் திரியும் மாடுகளுக்குக் குறிசுடும் வழக்கத்தைக் கிழக்கிலங்கை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இக்குறிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இட்டவனுக்கும் அது புரிந்தது; யாருக்காக இடப்பட்டதோ அவனுக்கும் புரிந்தது.

மனிதக் கண்ணுக்காக அல்லாமல் இயந்திரத்தின் கண்ணுக்காக எழுதப்பட்ட வணிகக் குறி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பிறந்தது. அது பிறந்ததும் ஒரு கடற்கரையில் என்பது சுவையான தற்செயல். அமெரிக்காவின் மயாமி கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்த நோர்மன் ஜோசப் வூட்லண்ட் என்ற இளைஞர், தாம் சிறுவயதில் கற்ற மோர்ஸ் தந்திக் குறிகளின் புள்ளிகளையும் கோடுகளையும் நினைத்தபடி விரல்களால் மணலைக் கீழ்நோக்கி இழுத்தாராம். தடித்தும் மெலிந்தும் கோடுகள் விழுந்தன. அவரும் நண்பர் பேர்னாட் சில்வரும் 1949 ஒக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1952 இல் அதைப் பெற்றார்கள். ஆனால் அதை வாசிக்கப் போதிய லேசர் ஒளியும் மலிவான கணினியும் அன்று இல்லை. 1974 ஜூன் 26 ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்தின் டிரோய் நகரிலுள்ள ஒரு பேரங்காடியில் பத்துப் பொதி கொண்ட சூயிங்கம் ஒன்று முதன்முதலாக வருடப்பட்டது. விலை 67 சதம்.

பட்டைக்குறி இலங்கைக்கு வந்தபோது நமக்கு 479 என்ற முன்னிலக்கம் கிடைத்தது. இந்தியாவுக்கு 890. இங்கே இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். காஸாப் போரின்போது, 729 என்று தொடங்கும் பொருளை வாங்காதீர்கள், அது இஸ்ரேலில் செய்யப்பட்டது என்ற செய்தி நம் ஊர்களின் கைத்தொலைபேசிகளில் சுற்றியது. 729 இஸ்ரேலுக்கு ஒதுக்கப்பட்ட இலக்கம் என்பது உண்மை. ஆனால் அந்த இலக்கம், கம்பனி எந்த நாட்டு அமைப்பிடம் பதிவு செய்துகொண்டது என்பதை மட்டுமே காட்டும். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைக் காட்டாது. அந்நாட்டில் செய்த பொருளுக்கு வேறு இலக்கமும், வேறெங்கோ செய்த பொருளுக்கு அந்த இலக்கமும் இருக்கலாம். பகிஷ்கரிப்பது அவரவர் மனச்சாட்சி. ஆனால் குறியை வாசிக்கத் தெரியாதவன் வாசித்ததாக நம்பிக்கொள்வது வாசிக்காமல் இருப்பதைவிடத் துன்பமானது.

பட்டைக்குறி கடைத்தெருவின் சிறிய கடைகளுக்குள் பெரிதாக நுழையவில்லை. வருடும் கருவியும் கணினியும் வாங்குமளவுக்குப் பெட்டிக்கடைக்கு வருமானம் ஏது? கட்டுப்படியானது அடுத்த தலைமுறைச் சதுரந்தான்.

அது ஜப்பானின் மோட்டார் வாகனத் தொழிலில் பிறந்த பிள்ளை. டொயோட்டாக் குழுமத்தைச் சேர்ந்த டென்சோ நிறுவனத்தில், உதிரிப்பாகப் பெட்டி ஒன்றுக்கே பல பட்டைக்குறிகளை வருடிக் களைத்துப் போனார்கள் தொழிலாளர்கள். ஒரு பட்டைக்குறிக்குள் இருபது எழுத்துகள் அளவில்தான் அடங்கும். மசாஹிரோ ஹரா என்ற பொறியியலாளர் சிறியதொரு குழுவோடு இதற்கு மாற்றுத் தேடினார். கோடுகளை விட்டுக் கட்டங்களுக்குப் போகும் எண்ணம், மதிய இடைவேளையில் விளையாடிய கோ என்ற ஆட்டத்தின் பலகையிலிருந்து வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். கட்டங்களின் மேல் கறுப்புக் காய், வெள்ளைக் காய். நம் மருதமுனை நெசவாளர் இதைப் பார்த்திருந்தால் ஆட்டப் பலகை தேவைப்பட்டிராது. சேலைக் கரைக்குப் பூ வரையும் கட்டத்தாளே போதும் என்றிருப்பார்.

மூன்று மூலைகளிலும் இருக்கும் பெரிய சதுரங்கள் அலங்காரத்துக்கல்ல. எந்தப் பக்கமாகப் பிடித்தாலும், கறுப்பு வெள்ளை அகலங்கள் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வருவதைக் கண்டு, 'இது குறியீடு' என்று கருவி உடனே அறிந்துகொள்கிறது. சாதாரண அச்சுத்தாள்களில் மிக அரிதாகக் காணப்படும் விகிதம் எது என்று எண்ணற்ற பத்திரிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் அளந்து பார்த்தே இதைத் தேர்ந்தார்களாம். பத்திரிகைக்காரனான எனக்கு இதில் ஒரு பெருமை. அச்சு எழுத்து எப்படி இருக்காதோ அப்படி இருப்பதற்காக நம் தொழிலை ஆராய்ந்திருக்கிறார்கள்! 1994 இல் வெளியான இக்குறியீட்டுக்குக் காப்புரிமை இருந்தும், அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று நிறுவனம் விட்டுக்கொடுத்தது. அந்தத் தாராளம் இல்லாதிருந்தால் கல்முனைக் காசு மேசைக்கு அது வந்திருக்காது.

சீனாவில் 2011 முதல் அலிபே இதைக் கொண்டு பணம் வாங்கத் தொடங்கியது. பிறகு அங்கே மரக்கறி விற்பவர்களும் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்கள். இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு பணமதிப்பு நீக்கத்தின் பின் தேநீர்க் கடை வரை பரவியது. இலங்கை மத்திய வங்கியும் சும்மா இருக்கவில்லை. 2018 இல் லங்காகியூஆர் என்ற தேசிய நியமத்தை வகுத்தது. எந்த வங்கியின் சதுரமானாலும் வேறு வங்கியின் செயலி அதை வாசிக்கும் என்பதே அதன் சிறப்பு. 2020 இல் நாடளாவிய பிரசாரமும் ஆரம்பமானது. ஆனாலும் கரையோரத்து வியாபாரிகளிடம் அது எடுபட்டதாக எனக்குத் தெரியவில்லை. சதுரம் அச்சிட்ட அட்டை கடைகளுக்கு வந்தது; அதன் மேல் பில் புத்தகத்தை வைத்தார்கள்.

அந்த நிலையை மாற்றியது விளம்பரம் அல்ல, பெற்றோல் தட்டுப்பாடு.

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றானது. எரிபொருள் நிலையங்களின் முன்னால் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டு மனிதர்கள் இரவிரவாகத் தெருவிலே படுத்தார்கள். ஜூலை நடுப்பகுதியில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் அறிமுகமானது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் செசி இலக்கத்தையும் கொடுத்தால் ஒரு சதுரம் கிடைக்கும். அதைக் காட்டினால் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து அது இல்லாமல் எண்ணெய் இல்லை.

இந்தக் கரையோரத்தில் மோட்டார் சைக்கிள் என்பது பொழுதுபோக்கு வாகனமல்ல. வயலுக்கும் கடலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதுதான். ஆகவே வாழ்நாளில் கணினியைத் தொட்டிராதவர்களும் சில வாரங்களில் அந்தச் சதுரத்தின் சொந்தக்காரர்கள் ஆனார்கள். தொலைத்தொடர்புக் கடைகளில் பதிவு செய்துகொடுக்கவும், அச்சிட்டு லமினேட் செய்து கொடுக்கவும் கூட்டம் அலைமோதியது. ஓட்டோக்காரர்கள் அதை வண்டியின் கண்ணாடியிலே ஒட்டினார்கள். சிலர் சட்டைப் பையில் மடித்து வைத்து, வியர்வையும் எண்ணெயும் பட்டு ஓரம் கிழிந்த தாளைக் காட்டினார்கள். அதையும் கருவி வாசித்தது. பரப்பில் 30 வீதம் வரை சிதைந்தாலும் மீட்டெடுக்கும் வகையில் அந்தக் குறியை அமைக்க முடியும் என்ற விடயம், எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமலே நம் மக்களுக்குப் புரிந்தது.

2023 செப்டெம்பரில் அந்தப் பங்கீட்டு முறை இடைநிறுத்தப்பட்டது. ஆனால் கற்றுக்கொண்ட பழக்கம் தங்கிவிட்டது. சதுரத்தைக் கண்டால் தொலைபேசியை நீட்ட வேண்டும் என்பதை அரசாங்கமே ஓராண்டு காலம் பயிற்றுவித்திருந்ததால், வியாபாரிகள் தம் வாடிக்கையாளருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுக் கடைகள் விலைப்பட்டியலை அதற்குள் வைத்தன. கலியாண அழைப்பிதழ்கள் மண்டபத்துக்கு வழி காட்டின. 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியாவின் யூபிஐ முறையிலும் இலங்கைக் கடைகளில் பணம் செலுத்தலாம் என்றானது.

ஆயினும் பணம் வாங்கும் சதுரத்தை ஒட்டியவர்களில் பலர் அதைக் கொஞ்சம் ஒளித்தே வைத்திருக்கிறார்கள். காரணம் கேட்டால் வங்கிக் கழிவு என்பார்கள். வருமான வரிக்காரருக்குக் கணக்குப் போய்விடும் என்ற பயமும் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. இவற்றைவிடப் பெரியது கடன் கொப்பி. நம் ஊர்ச் சில்லறைக் கடை ஓடுவது அறுவடைக்குப் பின் தருவேன், சம்பளத்துக்குப் பின் தருவேன் என்ற வாக்கின் மேல். அந்த வாக்கை எழுதுவதற்குச் சதுரத்தில் இடமில்லை.

புடைவைக் கடை முதலாளி இதைப் பற்றிச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் சிதைந்தது. அப்போது அவருடைய கடை கடலுக்கு அருகில் இருந்தது. "கொப்பியக் கடல் கொண்டு போயிட்டு தம்பி. உயிர் தப்பின ஆக்கள்ள முக்காவாசிப் பேர் அவங்களாவே வந்து கணக்குச் சொன்னாங்க. நான் ஒருத்தரையும் கேக்கல்ல" என்றார். கணக்கு கொழும்பிலோ சிங்கப்பூரிலோ உள்ள கணினியில் இருந்திருந்தால் கடல் அதைத் தொட்டிராது என்பதும் உண்மை. இரண்டையும் அவர் யோசித்தே இருக்கிறார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே நான் நான்காவது சதுரத்தை என் தொலைபேசியால் வருடிப் பார்த்தேன். முகநூலும் இல்லை, கடையும் இல்லை. 'இந்தக் குறியீடு செயலிழந்துவிட்டது, சந்தாவைப் புதுப்பிக்கவும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு.

மருமகன் வந்த பிறகுதான் விடயம் விளங்கியது. மருதமுனைக் கைத்தறிச் சேலைகளை வெளியூர்களுக்கு அனுப்புவதற்காக அழகான அட்டைப் பெட்டிகள் அச்சிட்டிருக்கிறார். பெட்டியின் மூடியில் இந்தச் சதுரம். வருடினால் தறியின் படமும், சேலையைத் துவைக்கும் முறையும், புதிய வடிவங்களும் தெரியும். நல்ல யோசனை. விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விலைபோகும் காலத்தில் நெசவாளருக்கு இத்தகைய வாய் தேவைதான். ஆனால் சதுரத்தை ஓர் இணையச் சேவையில் இலவசமாகச் செய்து வாங்கியிருக்கிறார். இலவசம் சில நாட்களுக்கு மட்டும் என்ற வரி அவர் கண்ணில் படவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சதுரங்களில் இரு வகை. ஒன்றில், போக வேண்டிய முகவரியே கறுப்பு வெள்ளையாக எழுதப்பட்டிருக்கும். அச்சடித்த பின் மாற்ற முடியாது. ஆனால் எவரும் அதை இடைமறித்து நிறுத்தவும் முடியாது. மற்றையதில் இடைத்தரகரின் முகவரிதான் எழுதப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் முதலில் அங்கே போவார். அவர் எந்த நேரத்தில், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று குறித்துக்கொண்டு தரகர் நம் பக்கத்துக்கு அனுப்புவார். போகுமிடத்தை விரும்பியபோது மாற்றலாம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணலாம். விளம்பரம் செய்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் சந்தா நின்றால் கதவும் மூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். போதாக்குறைக்கு, எந்தச் சதுரத்தையும் படமெடுத்து வேறு பெட்டியில் அச்சிடலாம். ஆகவே அது தானாக எதற்கும் அத்தாட்சியாகாது. கடை வாசலில் உள்ளதன் மேல் வேறொருவர் தன் சதுரத்தை ஒட்டிப் பணத்தைத் திருப்பிக்கொண்ட மோசடிகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

மிச்சமிருந்த பெட்டிகள் அறையில் கூரை வரை அடுக்கியிருந்தன. மருமகன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். முதலாளி கோபிக்கவில்லை. ஒரு பெட்டியை எடுத்து மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எங்கட ஊர்ப் பேரே இதுல இல்லையே மகன்" என்றார். உண்மைதான். வர்ணப் பூக்களும் ஆங்கிலத்தில் கடையின் பெயரும் சதுரமும் இருந்தன. மருதமுனை என்ற சொல் எங்குமே இல்லை.

நான் புறப்படும்போது, ஊர்ப் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஒட்டுத்தாள் எவ்வளவுக்குச் செய்யலாமென்று அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். தரகரில்லாத புதிய சதுரம் ஒன்றும் அதிலே ஒரு மூலையில், சிறிதாக.