யாழ் நரம்பும் குதிரைப் பாய்ச்சலும்



மீன் பாடும் வாவி எனப் புகழ்பெற்றது மட்டக்களப்பு வாவி. அதற்குத் தெற்கே, காரைதீவில், 1892ஆம் ஆண்டு பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். அவர் அரியதொரு புதிரை விடுவித்தார். அப்புதிரின் இயல்பை அறிதற்கு முதலிற் சதுரங்கப் பலகையை நோக்குவோம்.

சதுரங்கக் குதிரை இரு கட்டம் நேரே சென்று, ஒரு கட்டம் பக்கத்தே திரும்பும். இவ்வொரு விதியைக் கொண்டே, எக்கட்டத்தையும் விடாமலும் இருமுறை மிதியாமலும் பலகை முழுவதையும் சுற்றிவரலாம். தூப்புல் வேதாந்த தேசிகர் இதனைப் பாதுகா சகஸ்ரம் என்னும் வடமொழி நூலிற் கவிதையாக்கினார். 32 எழுத்துக்கள் கொண்ட சுலோகமொன்றை வரிசைக்கு 8 கட்டமாக நான்கு வரிசையில் எழுதிக் குதிரை நடையிற் படித்தால், அடுத்த சுலோகம் பிறக்கும்.

இக்குதிரை அண்மைக்கால எண்புதிரினுள்ளும் புகுந்துள்ளது. 1979இல் அமெரிக்காவில் வெளிவந்து, பின்னர் யப்பானிற் சுடோகு எனப் பெயர்பெற்ற புதிர் 81 கட்டங்களை உடையது. வரிசையிலும் நிரலிலும் சிறு சதுரத்திலும் ஓரெண் ஒருமுறையே வரலாம். ஓரெண் நிற்குமிடத்திலிருந்து குதிரை பாயுங் கட்டத்தில் அவ்வெண் நிற்றலாகாது என்னும் விதியையும் சிலர் சேர்த்தனர். 2020இல் வந்த ஒரு புதிரில், அரசன் செல்லுங் கட்டங்களுக்கும் இவ்விதியை விரித்து, அடுத்தடுத்த எண்கள் பக்கத்தே நிற்றலையும் விலக்கினர். ஆகவே இரண்டே எண்களைத் தந்து, ஏனைய 79ஐயும் உய்த்துணர வைக்க முடிந்தது. தரவு சிறிதாயினும் விதி வலிதாயின், விடை ஒன்றே.

விபுலாநந்த அடிகள் எதிர்கொண்டதும் இத்தகைய புதிரே. பழந்தமிழர் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. கருவியுமில்லை, மீட்டுவாருமில்லை. எஞ்சியவை சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் தந்த குறிப்புக்களே. ஏழு நரம்புகளைப் பன்னிரண்டு இராசி வீடுகளில் நிறுத்துதல் வேண்டும். அவற்றின் அலகுகள் 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 ஆதல் வேண்டும். நின்ற நரம்புக்கு நான்காவது நட்பு, ஐந்தாவது கிளை, மூன்றாவதும் ஆறாவதும் பகை. நின்ற வீட்டையுஞ் சேர்த்து எண்ணினால், கிளை நரம்பு எட்டாம் வீட்டில் நிற்கும். இங்ஙனம் எட்டாம் வீட்டுக்கு எட்டாம் வீடாகத் தாவிச் செல்க. பன்னிரண்டு வீடுகளையும் ஒவ்வொரு முறை தொட்டுத் தொடங்கிய வீட்டுக்கே மீள்வோம். குதிரையின் சுற்றும் இதனை ஒத்ததன்றோ!

மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியுமாகிய அடிகள், பல்லாண்டு உழைத்து இக்கணக்கை ஆராய்ந்தார். புலமை மட்டுமோ கணிதம் மட்டுமோ இதற்குப் போதியதன்று. ஒரு நரம்பு இடம் மாறினும் ஏனைய யாவும் பிழைபடும். பிழைபட்டால், இழந்த இசை இழந்ததாகவே நின்றுவிடும்.

1947ஆம் ஆண்டு யூன் மாதம் அவருடைய யாழ் நூல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. யூலை 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். கல்லடி உப்போடையில், தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலே, வாவிக்கு அணித்தாக அவர் துயில்கின்றார். புதிர்க் கட்டங்களை நிரப்பும் இளைஞர், ஊகத்தை விடுத்து விதியைப் பற்றி நடக்கும் அப்பழக்கம் ஓரினத்தின் இசையையே மீட்க உதவியதென்பதை நினைவிற் கொள்வாராக.