கரும்பிலிருந்து காடு வரை: டாக்டர் ஜானகி அம்மாள்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டதும், தாவரவியல் மாணவனான எனக்கு டாக்டர் இ.கே. ஜானகி அம்மாளின் நினைவுதான் வந்தது. இன்றைய மாணவர்களில் பலர் அவர் பெயரைக் கேட்டதே இல்லை என்கிறார்கள். அதனால் அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

1897இல் தலச்சேரியில் பிறந்தவர். பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்திலே சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பின்பு பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1931இல் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை. எங்கள் ஊர் திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் நிற்கும் நாணலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நாணல் கரும்புக்குப் பங்காளி! அதன் உரம் கலந்ததால்தான் நம் நாட்டுக்கு ஏற்ற கரும்பு கிடைத்தது. அம்மையார் நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணி இந்த உறவுகளை ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார்.

அடுத்து இங்கிலாந்து. உலகப் போர் நடக்கும்போதே ஜான் இன்னஸ் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945இல் வெளியிட்டார். 1950களின் தொடக்கத்தில் நேரு அழைக்க, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கத் தாயகம் திரும்பினார்.

இங்கேதான் ஒரு திருப்பம். அபூர்வமான ஒரு மக்னோலியா மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போனார். போய்ப் பார்த்தால், மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது! புதுப் பயிரை உண்டாக்கியவர், இருக்கிற காட்டைக் காக்கப் பேசத் தொடங்கினார். மனிதன் பூமியை மாற்றிய விதம் குறித்து 1955இல் பிரின்ஸ்டனில் நடந்த கருத்தரங்கில் அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான். எண்பது வயதை ஒட்டியும் சும்மா இருக்கவில்லை. அணையில் மூழ்க இருந்த அமைதிப் பள்ளத்தாக்குக்காகக் குரல் கொடுத்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது வந்தது. கடைசிக் காலத்தில் மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மூலிகைகளோடு வாழ்ந்து, 1984 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது. அதைப் பார்க்க அவர் இல்லை.

மூலிகை என்றதும் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் கல்வெட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், அங்கே 15 கட்டில் கொண்ட ஆதுலர் சாலை நடந்தது. மருத்துவரோடு, மூலிகை பறித்து மருந்து காய்ச்சுகிற இருவருக்கும் சம்பளம் எழுதிவைத்திருக்கிறார்கள். செடியை அடையாளம் தெரிந்தவனுக்கு அன்றைக்கே அவ்வளவு மதிப்பு.

மாணவச் செல்வங்களே, மார்க்குக்காகப் படித்தது போதாது. கல்லூரி வளாகத்தில் இருக்கிற பத்துச் செடிகளையாவது பெயர் சொல்லி அடையாளம் காட்டப் பழகுங்கள். பெயர் தெரியாத மரத்தை வெட்டும்போது யாருக்கும் மனசு வலிக்காது. அம்மையாருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இதுதான்.