கருவிலுள்ள சிசுவின் குருதிச் சுற்றோட்டம்

நாலந்தாவை அண்டிய போவதென்ன நீர்த்தேக்கத்துக்கு மகாவலித் தண்ணீர் தானாக வருவதில்லை. பொல்கொல்லையில் மறித்து, சுரங்கத்தால் உக்குவளைக்குத் திருப்பிய தண்ணீர் அது. வயிற்றுப் பிள்ளையின் குருதியும் திருப்பிவிட்ட ஓட்டம்தான். ஆனால் அதன் மதகுகளை மூட ஆள் வேண்டியதில்லை.

கருப்பையில் பிள்ளையின் நுரையீரல் திரவத்தால் நிறைந்து கிடக்கும். ஒட்சிசன் சூல்வித்தகத்திலிருந்து வருகிறது. தொப்புள்கொடியில் ஒரு நாளம், இரு நாடிகள். ஒட்சிசன் மிகுந்த குருதியைக் கொண்டுவருவது நாளம். பரீட்சையில் பல மாணவர் வழுக்கி விழும் இடம் இது. இக்குருதியின் ஒரு பகுதி நாளக் கால்வாயால் ஈரலைத் தாண்டி இதயத்துக்குப் போகிறது. அங்கே வலது சோணையறையிலிருந்து இடதுக்கு நீள்வட்டத் துளையால் பாய்வதால், நல்ல குருதி முதலில் மூளைக்கும் இதயத் தசைக்கும் கிடைக்கிறது. வலது இதயவறை நுரையீரல் நாடிக்குள் தள்ளுவதில் பெரும்பங்கும் நாடிக் கால்வாயால் பெருநாடிக்குத் திரும்பிவிடும். தொப்புள் நாளக் குருதியின் ஒட்சிசன் செறிவே ஏறத்தாழ 80 சதவீதம்தான். ஒட்சிசனை இறுகப் பற்றும் சிசு ஈமோகுளோபின் இருப்பதால் பிள்ளைக்கு அது போதும்.

பிறந்ததும் முதல் அழுகை.

காற்று புகுந்து நுரையீரல் விரிய, அதன் குருதிக்குழாய்களின் தடை சட்டென்று குறைகிறது. குருதி அங்கே பாய்கிறது. நுரையீரலிலிருந்து திரும்பும் குருதி இடது சோணையறையின் அமுக்கத்தைக் கூட்டுகிறது. கொடி துண்டிக்கப்படுவதால் உடலின் பக்கத் தடையும் ஏறுகிறது. எந்த அமுக்கம் துளையைத் திறந்து வைத்ததோ, அது தலைகீழாகி அதன் மடலைச் சாத்துகிறது. நாடிக் கால்வாய்க்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். ஒட்சிசன் கூட, சூல்வித்தகம் தந்த புரோஸ்டகிளாண்டின் குறைய, பெரும்பாலும் மூன்று நாளுக்குள் அது சுருங்கி, பின்னர் வெறும் இணையமாகிறது. துளை நால்வரில் ஒருவருக்கு முழுதாக ஒட்டாமலே இருக்கும். பலருக்கு அது தெரியவே வராது.

நாடிக் கால்வாய் மூடாமல் நிற்பது வேறு கதை. குறைமாதப் பிள்ளைகளிடம் இது அதிகம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ருபெல்லா வந்தாலும் நேரலாம். அந்நோய்க்கும் பிள்ளைகளின் கண்புரை, இதயக் குறைகளுக்கும் உள்ள தொடர்பை 1941இல் அவுஸ்திரேலியக் கண் மருத்துவர் நோர்மன் கிரெக் காட்டினார். இலங்கை 1996இல் ருபெல்லா தடுப்பூசியைத் தொடங்கியது. 2020இல் நாட்டில் அந்நோய் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.