கடுக்காய் பறித்தவருக்கு ஒரு கணக்கு

 

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "சார், ராத்திரி கடுக்காய்ப் பொடி சாப்பிட்டா நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. தினமும் சாப்பிடலாமா?"

நான் வைத்தியன் இல்லை அம்மா, வரலாற்று வாத்தியார். அதனால் கடுக்காயின் வரலாற்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊரின் பெயரிலேயே ஒரு மரம் இருக்கிறது. நாவல் மரத்தால் திருநாவலூர். கோயிலின் தல மரமும் அதுதான். மரத்தோடும் பருவத்தோடும் சேர்ந்து வாழ்ந்த ஊர்கள் நம்முடையவை. சித்திரையில் வேப்பம்பூப் பச்சடி, ஆடியில் கூழ், தீபாவளிக்கு எண்ணெய்க் குளியலும் லேகியமும். இவற்றை யாரும் 'ஆரோக்கியப் பழக்கம்' என்று பெயர் வைத்துச் செய்யவில்லை. அந்தந்தக் காலத்தில் அதைச் செய்வது வழக்கம், அவ்வளவுதான்.

கடுக்காயும் அப்படித்தான். காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, இரவில் கடுக்காய் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்வார்கள்: சுக்குக்கு மேல்தோலைச் சீவு, கடுக்காய்க்குக் கொட்டையை நீக்கு. சுக்குக்கு வெளியே நஞ்சு, கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு என்பது சித்த மருத்துவத்தின் கணக்கு. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்தால் திரிபலா. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் அதிகம் விற்கும் பொடிகளில் அதுவும் ஒன்று.

ஆயுர்வேதத்தில் கடுக்காயைப் பருவம் பார்த்துச் சாப்பிடும் முறை ஒன்று உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் எழுதிய 'பாவப்பிரகாசம்' அதைச் சொல்கிறது. மழைக்காலத்தில் இந்துப்போடு, அதன்பின் வரும் கூதிரில் சர்க்கரையோடு, முன்பனியில் சுக்கோடு, பின்பனியில் திப்பிலியோடு, இளவேனிலில் தேனோடு, முதுவேனிலில் வெல்லத்தோடு. காய் ஒன்றுதான், துணை மட்டும் ஆறு.

இங்கே வாத்தியார் புத்தி ஒரு கேள்வி கேட்கும். அந்த நூலின் மழைக்காலம் யாருடைய மழைக்காலம்? வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. அது ஓய்ந்து வானம் வெளுத்து வெயில் சுள்ளென்று அடிக்கும் மாதங்களுக்குத்தான் நூல் சர்க்கரையைச் சொல்கிறது. அதே ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும். கெடிலத்தில் தண்ணீர் வருவதே அப்போதுதான். நூலில் உள்ள மாதத்தை அப்படியே பிடித்துக்கொண்டால், அடைமழையில் உட்கார்ந்து வெயில்கால மருந்து சாப்பிட்டவர்கள் ஆவோம்.

நான் நூலைக் குறை சொல்லவில்லை. பருவத்துக்கேற்ற பழக்கம் என்றால் ஏட்டைப் பார்ப்பதோடு வானத்தையும் பார்க்க வேண்டும் என்கிறேன். எங்கோ அச்சடித்த அட்டவணையைப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

இப்போது சோழர் காலத்துக்குப் போவோம்.

காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டு. கோயிலைச் சார்ந்த பள்ளியையும் மருத்துவமனையையும் பற்றிப் பேசுகிறது. ஆதுலர் சாலையின் பெயர் வீரசோழன். படுக்கைகள் 15. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும்.

அங்கே இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்லில் இருக்கிறது. அதில் வாசா அரீதகி, தசமூல அரீதகி, பல்லாதக அரீதகி போன்ற பெயர்கள் வருகின்றன. அரீதகி என்றால் கடுக்காய். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்நாட்டு மருத்துவமனையில் கடுக்காய் மருந்து பல வகை!

ஆனால் என்னை நிறுத்தியது மருந்துப் பட்டியல் அல்ல, சம்பளப் பட்டியல். வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர், இவர்களோடு மூலிகையும் விறகும் கொண்டுவருபவர்கள் இருவர். அவர்களுக்கும் நெல்லும் காசும் இவ்வளவு என்று வெட்டியிருக்கிறார்கள். காட்டுக்குப் போய் மருந்து பறித்தவன் கூலி, வைத்தியன் கூலியோடு ஒரே கல்லில். இதை மனதில் வையுங்கள்.

பிறகு கடுக்காய் உலகம் சுற்றியது. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா ட ஓர்ட்டாவின் மருந்து நூலில் அதற்குத் தனி உரையாடலே உண்டு. சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளுக்குக் கடுக்காய் ஊறிய நீரும் பாலும் ஏற்றிய பிறகுதான் கரும்கோடு பிடிக்கும். தோல் பதனிடுவதற்கும் கடுக்காய் வேண்டும். பழைய கட்டடங்களின் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்தார்கள். மருந்தாக நாம் உண்டது கொஞ்சம், தொழிலுக்குப் போனது மூட்டை மூட்டையாக.

அந்த மூட்டைகள் எங்கிருந்து வந்தன? நமக்கு மேற்கே நீலமாகத் தெரிகிறதே, அந்தக் கல்வராயன் மலையும் அவற்றில் ஒன்று. கோமுகியும் மணிமுத்தாறும் பிறக்கும் மலை. தேன், புளி, கடுக்காய் எல்லாம் அங்கிருந்து இறங்கும். பறிப்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் அந்தப் பெயர்.

பெயர்தான் அப்படி. ஆண்டவர்கள் மூன்று ஜாகீர்தார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த ஏற்பாடு உடனே போகவில்லை. 1976இல்தான் மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது. இந்தியா விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! அதுவரை ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கும் கடமை மலைமக்கள் தலையில் இருந்தது. திருமுக்கூடல் கல்லில் இருந்த அந்த இருவரின் கணக்கு இங்கே எந்தக் கல்லிலும் ஏறவில்லை.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் விளையும் சிறு பொருள்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் அங்கே வாழ்பவர்களுக்கு உரிமை உண்டு என்றது. பின்னர் வனப்பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டம் வந்தபோது அந்தப் பட்டியலில் கடுக்காயும் சேர்ந்தது. சட்டத்தில் கணக்கு வந்துவிட்டது. அது கையில் வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி. மரத்தில் ஏறுபவருக்கும் டப்பாவில் அடைத்துப் 'பாரம்பரியம்' என்று ஒட்டி விற்பவருக்கும் நடுவே எத்தனை கைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போதுதான் நாடே நம் மாவட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. அதையொட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை என்று அடிப்படையானவையே அங்கே பேச்சுப்பொருள் ஆயின. நமக்கு மருந்து அனுப்பும் மலைக்கு மருத்துவர் போய்ச் சேர நல்ல சாலை இல்லை என்றால், நம் ஆரோக்கியப் பேச்சில் ஏதோ ஒன்று குறைகிறது.

சரி அம்மா, உன் கேள்விக்கு வருகிறேன்.

கடுக்காய் மலத்தை இளக்கும் மருந்து. அளவும் ஆளும் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம் என்பது பழைய வழக்கம். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது, போய்க் கேட்கலாம். வாங்குவதானால் பொடியாக வாங்காமல் முழுக் காயாக வாங்கி, வீட்டிலேயே உடைத்துக் கொட்டையை நீக்கி இடித்துக்கொள். என்ன சாப்பிடுகிறோம் என்பதாவது தெரியும்.

அப்படியே கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேள்: "அண்ணாச்சி, இது எந்த மலைக் காய்? பறிச்சவங்களுக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தாங்க?" அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நாலு பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். மலைமக்களின் சங்கமோ மகளிர் குழுவோ நேரடியாக விற்கும் இடம் தெரிந்தால் அங்கே வாங்கு. நாலு ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை.

கல்வராயன் மலைப் பக்கம் வேலை பார்க்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். இந்தப் பருவத்தில் அங்கே கடுக்காய் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்துக் கீழே எழுதுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதிய கணக்கை நாம் இங்கேயாவது எழுதி வைப்போம்.

 உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.