தடையில்லா மின்வழங்கி (வீட்டுக் கணினி)

தடையில்லா மின்வழங்கி, பேச்சு வழக்கில் யூபிஎஸ், மின்சாரம் நின்றதும் மேசைக் கணினி அணைந்துவிடாமல் காத்து, வேலையைச் சேமித்து முறையாக மூடுவதற்கு அவகாசம் தரும் கருவி. பேட்டரி, அதற்கு மின்னேற்றும் சுற்று, பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக்கும் சுற்று, வெளி மின்சாரத்திலிருந்து பேட்டரிக்குத் தாவும் ரிலே ஆகியவை இதன் உறுப்புகள்.

வரலாறு

1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய ஈய-அமில மின்கலமே இதற்கெல்லாம் அடிப்படை. தொலைபேசி இணைப்பகங்கள் 48 வோல்ட் பேட்டரி அடுக்கை மின்னேற்றியோடும் இணைப்பகத்தோடும் எந்நேரமும் சேர்த்தே வைத்திருந்தன. வெளி மின்சாரம் நின்றாலும் எதுவும் எதற்கும் மாற வேண்டியதில்லை. இன்று ‘ஆன்லைன்’ என்று விலை கூட்டி விற்கப்படும் வகையின் கருத்து முழுவதும் அங்கேயே இருந்தது.

1934-இல் ஜான் ஹான்லி என்பவர் தடையறாத மின் வழங்கலுக்கான ஏற்பாடு ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அறைகளை அடைத்துக்கொண்ட பெருங்கணினிகளின் காலத்தில் சுழலும் எந்திரங்கள் வந்தன. மோட்டார் ஒன்று மின்னாக்கியைச் சுழற்றும். இரண்டோடும் கனத்த சக்கரம் ஒன்று பூட்டப்பட்டிருக்கும். மின்சாரம் நின்றபின் சில நொடிகள் சக்கரத்தின் வேகமே மின்னாக்கியை ஓட்டும். அதற்குள் டீசல் எந்திரம் கிளம்பியாக வேண்டும். 1957-இல் ஜெனரல் எலக்ட்ரிக், பெரிய மின்னோட்டத்தை நகரும் பாகமின்றிக் கட்டுப்படுத்தும் தைரிஸ்டரை அறிமுகப்படுத்திய பிறகு இந்தச் சுழற்சிக்கு அவசியம் குறைந்தது.

வீட்டுக்குள் வருவதற்கு அமிலம் சிந்தாத மூடிய பேட்டரியும் மலிவான கணினியும் தேவைப்பட்டன. ஐபிஎம் தனிக்கணினி வெளிவந்த 1981-லேயே தொடங்கப்பட்ட அமெரிக்கன் பவர் கன்வர்ஷன், முதலில் சூரிய மின்சக்தியில் ஈடுபட்டு, 1984-இல் யூபிஎஸ் தயாரிப்புக்கு மாறியது. தமிழ்நாட்டில் வளர்ந்த நியூமெரிக் நிறுவனத்தின் யூபிஎஸ் தொழிலை 2012-இல் பிரான்சின் லெக்ராண்ட் வாங்கியது.

வகைகள்

ஆஃப்லைன், லைன் இன்டராக்டிவ், ஆன்லைன் என மூன்று. முதல் வகை மின்சாரத்தை உள்ளபடியே கணினிக்கு விட்டு, நின்றால் மட்டும் பேட்டரிக்குத் தாவும். இரண்டாவது, பேட்டரியைத் தொடாமலே தாழ்வான மின்னழுத்தத்தை ஏற்றியும் மிகையானதை இறக்கியும் தரும். மூன்றாவதில் கணினிக்குச் செல்வது எப்போதும் மாற்றி உருவாக்கிய மின்சாரமே. ரிலே தாவ 4 முதல் 10 மில்லிநொடி ஆகும்; கணினியின் எஸ்எம்பிஎஸ் எனும் மின்வழங்கிப் பெட்டியிலுள்ள மின்தேக்கிகள் ஏறத்தாழ 16 மில்லிநொடி தாங்கும். எனவே வீட்டுக்கு லைன் இன்டராக்டிவ் போதும். ஆன்லைன் வகை வீண் செலவு.

விளக்கு, மின்விசிறிக்கு மின்வெட்டின்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் இதற்கு ஈடாகாது. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் தமிழக வீடுகளில் அது பரவலாகி, கணினியும் அதிலேயே மாட்டப்பட்டது. மின்விசிறி பொறுத்துக்கொள்ளும் தாமதத்தில் கணினி அணைந்து மறுபடி தொடங்கும். சில இன்வெர்ட்டர்களின் பின்புறமுள்ள சுவிட்சை யூபிஎஸ் நிலைக்கு மாற்றினால் தாமதம் குறையும்.

திறன்

கடைகளில் பரவலாகக் கிடைப்பது 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) கருவி. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 600 என்பது வாட் அன்று. பெரும்பாலும் 360 வாட் வரையே தரும். உள்ளிருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 84 வாட்-மணி உண்டு. திரையுடன் 150 வாட் இழுக்கும் கணினிக்கு அரைமணி நேரம் வர வேண்டும். ஆனால் அந்த 7 ஆம்பியர்-மணி, 20 மணி நேரத்தில் மெதுவாக எடுப்பதற்கான அளவு. வேகமாக எடுத்தால் குறையும், மாற்றும்போதும் இழப்புண்டு. புது பேட்டரியில் கால்மணி நேரம் கிடைத்தால் நல்லது. லேசர் அச்சுப்பொறியை இதில் மாட்டலாகாது. உருளையைச் சூடாக்க அது இழுக்கும் மின்சாரத்தில் கருவி ‘ஓவர்லோடு’ என்று கத்தி நின்றுவிடும்.

வெப்பம் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் பேட்டரியின் ஆயுள் சுமார் பாதியாகும். நம் ஊர் அறைகளில் இரண்டு, மூன்று ஆண்டுகளே வரும். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம், ஈயத்துக்காக எடுத்துக்கொள்வார்கள்.

மடிக்கணினி பெருகியபின் இதன் தேவை குறைந்துள்ளது. வைஃபை ரூட்டருக்கான 12 வோல்ட் சிறு யூபிஎஸ்களும் லித்தியம் பேட்டரி கொண்டவையும் இப்போது விற்கின்றன.