கடலற்ற நாட்டின் கடற்படை

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில், ஆண்டீஸ் மலைகளுக்கிடையே கிடக்கிறது டிட்டிகாக்கா ஏரி. அது குறுகும் இடமான டிகினாவில் பேருந்துகள் தட்டையான மரத்தெப்பங்களில் ஏறி அக்கரை சேர்கின்றன. பயணிகள் தனிப்படகில் கடக்கிறார்கள். பொலிவியக் கடற்படையின் தளம் இந்தக் கரையில்தான் இருக்கிறது. இன்று பொலிவியாவுக்குக் கடற்கரை கிடையாது.

ஒரு காலத்தில் இருந்தது. அட்டகாமா பாலைவனத்தை ஒட்டி சுமார் 400 கி.மீ. நீளக் கரை. மழை காணாத அந்த மண்ணில் வெடியுப்பு கிடைத்தது. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் ஐரோப்பா அதை வாங்கிக் குவித்தது. மண் பொலிவியாவுடையது, முதலும் உழைப்பும் பெரும்பாலும் சிலியிலிருந்து வந்தன. வரியை உயர்த்துவதில்லை என்று 1874இல் சிலிக்கு வாக்களித்திருந்த பொலிவியா, 1878இல் குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி விதித்தது. 1879 பிப்ரவரி 14 அன்று சிலிப் படை அன்டோஃபகாஸ்டாவில் கரையிறங்கியது. கடலில் மறிக்கப் பொலிவியாவிடம் போர்க்கப்பல் இல்லை.

மார்ச் 23 அன்று, கலாமாவை அடுத்த டோப்பாட்டரில், லோவா ஆற்றுத்துறையைக் காக்க சுமார் 135 பேர் நின்றார்கள். பலர் ஊர்க்காரர்கள். எதிரே 500க்கும் மேற்பட்ட சிலி வீரர்கள். படைவீரரல்லாத எட்வர்டோ அபரோவா சரணடைய மறுத்து, சுட்டுக்கொண்டே அங்கு மடிந்தார். அந்த நாளைத்தான் பொலிவியா 'கடல் நாள்' என்று ஆண்டுதோறும் கடைப்பிடிக்கிறது. 1884இல் போர்நிறுத்தம், 1904 உடன்படிக்கையில் கரை நிரந்தரமாகக் கைமாறியது. ஈடாக அரிகாவிலிருந்து லா பாஸுக்குச் சிலி போட்டுக்கொடுத்த ரயில்பாதை 1913இல் திறக்கப்பட்டது.

1963இல் ஆறுகளுக்கும் ஏரிக்குமான படை ஒன்றை அரசு அமைத்தது. 1966இல் அது கடற்படை என்ற பெயரைப் பெற்றது. இதை வெறும் ஏக்கத்தின் அடையாளம் என்று ஒதுக்குவது நியாயமல்ல. நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் அமேசானை நோக்கி ஓடும் மமோரே, பெனி ஆறுகளே பல ஊர்களுக்குச் சாலை. அங்கே கடத்தலைத் தடுப்பதும், வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்பதும், மருத்துவப் படகுகளை அனுப்புவதும் இந்தப் படைதான்.

கடலை நோக்கிய கோரிக்கையும் ஓயவில்லை. பெரு 1992இல் இலோ அருகே ஒரு கடற்கரைத் துண்டைப் பொலிவியாவின் பயன்பாட்டுக்கு விட்டது. கடல்வழி குறித்துப் பேச்சு நடத்தச் சிலி கடமைப்பட்டது என்று 2013இல் பொலிவியா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. அப்படிச் சட்டக் கடமை ஏதும் இல்லையென்று 2018 அக்டோபர் 1 அன்று 12க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது.