ஊதா ஒயர் போகும் வழி

நந்தனத்தைக் கடந்து செல்லும் அண்ணா சாலை, மவுண்ட் ரோடாக இருந்த காலத்தில் சென்னையின் கார் தொழிலுக்கு முதுகெலும்பாக இருந்தது. வடக்கே சிம்ப்சன், அடிசன் போன்ற பழைய மோட்டார் நிறுவனங்கள் அந்தச் சாலையில்தான் தொழில் நடத்தின. தெற்கே கிண்டியைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் போனால், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை. 1961 முதல் ஹெரால்டு கார்கள் அங்கிருந்து வந்தன. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டு லாரிகளுக்கு மாறுமுன் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக் கொடுத்தது. 1961-ல் உருவான லூகாஸ் டிவிஎஸ், பாடியில் டைனமோவும் ஸ்டார்ட்டரும் செய்யத் தொடங்கியது. இந்த வரலாற்றை எழுதுபவர்கள் முதலாளிகளையும் தொழிற்சாலைகளையும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கார்களைப் பல பத்தாண்டுகள் ஓடவைத்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அதில் வருவதே இல்லை. வந்தாலும், கையில் கிடைத்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுகிறவராகவே வருகிறார். அது நியாயமற்ற சித்திரம். அவருடைய வேலைக்கு அடிப்படை ஒழுங்கான காரண அறிவு. காரின் கூரையில் எரியும் சின்னஞ்சிறு டோம் லைட்டே அதற்குப் போதுமான சான்று.

அன்று இங்கே ஓடிய ஆஸ்டின், மாரிஸ், ஸ்டாண்டர்டு, பிறகு வந்த அம்பாசடர் எல்லாம் பிரிட்டிஷ் வடிவமைப்பில் பிறந்தவை. அவற்றின் மின்சாதனங்கள் பெரும்பாலும் பர்மிங்காமின் லூகாஸ் வழி வந்தவை; ஒயர்களின் நிறங்களும் லூகாஸ் வகுத்தவை. பேட்டரியிலிருந்து நேராக வரும் கரண்டுக்குப் பழுப்பு. இக்னிஷன் சாவியைத் திருப்பினால் வரும் கரண்டுக்கு வெள்ளை, அது பியூஸ் கடந்து வந்தால் பச்சை. ஹெட்லைட்டுக்கு நீலம், பின்விளக்குக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. சாவி போடாவிட்டாலும் பியூஸ் வழியாக எப்போதும் கரண்டு இருக்கும் ஒயருக்கு ஊதா. டோம் லைட்டுக்குப் போவது இந்த ஊதாதான். விளக்கிலிருந்து கதவுச் சட்டத்திலுள்ள சுவிட்சுக்கு இறங்குவது ஊதாவில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர். வீட்டு விளக்கில் சுவிட்ச், கரண்டு வரும் பக்கத்தை வெட்டும். இங்கே கதவு சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் திறந்து மூடுகிறது. கதவு திறந்ததும் சுவிட்சின் ஸ்பிரிங் வெளியே தள்ள, ஒயர் காரின் இரும்பு உடம்பைத் தொடுகிறது, விளக்கு எரிகிறது. இதைப் புரிந்துகொண்டவருக்குச் சர்க்யூட் படம் தேவையில்லை.

பழுது தேடும் முறையும் இந்த அமைப்பிலிருந்தே பிறக்கிறது. டோம் லைட் எரியவில்லையா? முதலில் ஹார்னை அழுத்திப் பார்க்க வேண்டும். அம்பாசடர் வழி வந்த வண்டிகளில் ஹார்னுக்கும் உள்விளக்குக்கும் ஒரே பியூஸ். ஹார்ன் அடித்தால் பியூஸ் நன்றாக இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அடுத்து, இரு முனையிலும் கூம்பு வைத்த அந்த நீள பல்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பல்பு சரியென்றால், டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை உடம்பில் வைத்து மறு முனையால் ஊதா ஒயரைத் தொட வேண்டும். அது எரிந்தால் விளக்குவரை கரண்டு வந்துவிட்டது. பிறகு வெள்ளைக் கோட்டு ஒயரை சுவிட்சிலிருந்து கழற்றி, பெயின்ட் இல்லாத இரும்பில் தொட வேண்டும். டோம் லைட் எரிந்துவிட்டால் குற்றம் சுவிட்சில்தான். கடற்காற்றும் மழைநீரும் சேர்ந்து சுவிட்சைத் துருப்பிடிக்க வைக்கும் சென்னையில், இந்தக் கடைசிப் படியில்தான் பெரும்பாலும் விடை கிடைக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்த காரில் இதே கோளாறு வேறு வழியாக வரும்: சுவிட்ச் உட்காரும் இடத்தில் படிந்த பெயின்ட் எர்த்தை மறைத்துவிடுகிறது. அங்கே சற்றுச் சுரண்டினால் போதும். ஒவ்வொரு படியும் பாதிச் சந்தேகங்களைத் தள்ளுபடி செய்கிறது. ஆய்வுக்கூடத்தில் இதையே முறையியல் என்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பழைய கார்களைத் திறந்து பார்த்தால் ஊதாவும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரே நிற ஒயர் பல இடங்களில் ஒட்டுப் போட்டுக் கிடக்கிறது. இதுவா முறையறிவு என்று கேட்கலாம். ஒட்டு வேலை நடந்தது உண்மை. அதன் காரணத்தையும் பார்க்க வேண்டும். 1953-ல் இந்திய அரசின் சுங்கவரி ஆணையம் அளித்த பரிந்துரையை ஒட்டி, உற்பத்தித் திட்டம் இல்லாத வெளிநாட்டு நிறுவனங்கள் வெளியேறின, இறக்குமதி சுருங்கியது. ஊரில் இருந்த ஆஸ்டினுக்கும் ஸ்டாண்டர்டு வான்கார்டுக்கும் அசல் ஒயரிங் செட் கிடைப்பது அரிதாயிற்று. புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைத்த ஒயரே அன்றைய கதி. நிறம் காட்டிக்கொடுக்காத வண்டியில் தர்க்கம் மட்டுமே வழிகாட்டும் என்பதால், அந்தத் தட்டுப்பாடு எலெக்ட்ரீஷியனிடம் கூடுதல் அறிவைத்தான் கேட்டது. பல பிரிட்டிஷ் கார்களில் 1960-களின் நடுப்பகுதிவரை பாசிட்டிவ் முனைதான் எர்த். பின்னால் வந்தவற்றில் நெகட்டிவ். பல்பு இரண்டிலும் எரியும்; ரேடியோவை மாற்றி இணைத்தால் கருகும். இத்தாலிய வழியில் வந்த ஃபியட் 1100-க்கு நிறக்குறிகளே வேறு. இவை எல்லாவற்றையும் ஒரே பட்டறையில் கையாண்டவரைக் குருட்டு வேலைக்காரர் என்பது பொருந்தாது.

ஐந்து வாட் விளக்குக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்களும் உண்டு. ஊதா ஒயரில் எப்போதும் கரண்டு இருப்பதை மறந்துவிடக் கூடாது. சுவிட்ச் சிக்கிக்கொண்டு அந்த விளக்கு எரிந்தபடியே இருந்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளுக்கு 10 ஆம்பியர் மணி. 40 ஆம்பியர் மணி பேட்டரி நாலே நாளில் படுத்துவிடும். அவசரத்துக்குப் பியூஸைத் தவிர்த்துப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயர், கூரைத் தகட்டின் விளிம்பில் உரசித் தோல் உரிந்தால் தீப்பிடிக்கவும் கூடும். மேலை நாடுகளில் இத்தகைய கோளாறுகளுக்கெல்லாம் லூகாஸ் பெயரைச் சொல்லிப் பழிப்பது வழக்கம். ஆனால் வயதான வண்டிகளில் குற்றம் பெரும்பாலும் மூட்டுகளில், எர்த்தில், பிறகு வந்தவர்கள் செய்த இணைப்பில் இருக்கிறது. வடிவமைப்பு எளிமையாகவும் படிக்கக்கூடியதாகவும் இருந்ததால்தான் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதைச் சீர்செய்ய முடிகிறது.

நந்தனத்தில் இன்று சாலைக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. மேலே ஓடும் புதிய கார்களில் உள்விளக்கை ஏற்றி அணைப்பது பெரும்பாலும் ஒரு கணினிப் பெட்டி. அங்கே வேறு அறிவு வேண்டும். அதனாலேயே பழைய அறிவு குப்பைக்குப் போக வேண்டியதில்லை. பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் பெயின்டுக்கும் குரோமியத்துக்கும் லட்சங்களைச் செலவழிக்கிறார்கள். ஒயரிங் என்று வந்தால் ஒரே நிற ஒயரைச் சுருளாக வாங்கி இழுத்துவிடுகிறார்கள். காரின் வரலாறு அந்த நிறங்களிலும் இருக்கிறது. ஊதா இருந்த இடத்தில் ஊதாவையே போடுங்கள், பியூஸை அதன் இடத்தில் வையுங்கள், வேலை தெரிந்த மூத்த எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் ஒரு இளைஞரை நிற்க வையுங்கள். அடுத்து அந்தக் காரைத் திறக்கப்போகிறவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை இது.